நீலமேகத்தின் இரண்டு குரல்கள்

ஏழு வருஷமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்காத என் நாத்தனார் செந்தாமரை, அந்தக் கார்த்திகை மாதக் காலையில் ஒரு கையில் மஞ்சள் பெட்டியும் மறு கையில் மகளுமாக வந்து நின்றாள். மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த என் கணவர் நீலமேகம், ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, நீ போன் பண்ணுனியே, அதான் வந்துட்டோம்" என்றாள் அவள்.

அவர் போன் பண்ணவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய போன் விடிந்ததிலிருந்து என் அடுப்படி மேடையில்தான் கிடந்தது, அதில் நான் புயல் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைக்குப் போன் பண்ணுகிற ஆளாக இருந்தால் ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது பண்ணியிருக்க மாட்டாரா?

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"ஆமா. பண்ணுனேன். உள்ள வா, காத்து ஏறுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. யோக்கியர் என்பதால் அல்ல. பொய் சொல்வதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறதே, அதற்கே அவருக்குச் சோம்பல்.

சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன், புன்னையடி ஊருக்கே தெரிந்த கதைதான். செந்தாமரையின் மகள் யாழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டுக்குப் பழம் வாங்க டவுனுக்குப் போன இவர், இந்தக் கடை ஆப்பிள் வாடல், அந்தக் கடை மாதுளை சின்னது என்று கடை கடையாக ஏறி இறங்கினார். இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் துடித்துப் போனார்கள். கடைசியில் இவருடைய பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காதைக் குத்திவிட்டார்கள். முறைக்கு அவரும் தாய்மாமன்தான், தப்பில்லை. இவர் தட்டுகளோடு உள்ளே நுழைந்தபோது குழந்தை வேறொருவர் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்றார் இவர்.

"வர நேரமாகும்னு ஒரு போன் பண்ணுனியா நீ?" என்றாள் அவள்.

தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவர்தான். இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை தீரவேயில்லை.

சரி, புயலுக்கு வருகிறேன். எங்கள் தாலுகாவில் இப்போதெல்லாம் புயல் கணிப்பில் பிசகே கிடையாது. தெருவுக்குத் தெரு காற்றையும் தண்ணீரையும் அளக்கும் கம்பம் நட்டிருக்கிறார்கள், கழிமுகத்தில் மிதவைகள் விட்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், எந்த வீட்டில் ஜன்னல் வரை, எந்தக் கூரை முதலில் பறக்கும் என்பதெல்லாம் முந்தின நாளே போனில் வந்துவிடும். வீட்டுக்கு ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மாத்திரை, அரிசிப்பொரி, டார்ச், பத்திரங்கள், தண்ணீரைச் சுத்தமாக்கும் வில்லை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்து வைத்தார்கள். ஆனால் மனிதர்களை வீட்டை விட்டுக் கிளப்புவதற்கு மட்டும் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது என்பார்கள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீடு மணல்மேட்டில் இருக்கிறது. நாங்கள் தென்னங்கன்று வளர்த்து விற்கிறவர்கள், உப்புத் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டிய வீடு. செந்தாமரையின் வீடு கழியோரத்தில். அவள் கணவர் மலேசியாவில். அவளும் மகளும் மட்டும்தான். ஒவ்வொரு புயலுக்கும் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் சேற்றை வாரிக் கொட்டுகிறவள்.

அன்று மத்தியானம் புயல் கரை ஏறியது. கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். யாழினிக்கு எட்டு வயது. மாமா என்று ஒருவர் இருப்பதை அன்றுதான் பக்கத்தில் பார்க்கிறாள். அவர் எங்கே திரும்பினாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவரோ அந்தப் பிள்ளை இருக்கும் திசையைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது செந்தாமரை வீட்டுப் பின்சுவர் விழுந்து கிடந்தது. அவர்கள் படுக்கும் அறை அது. ஆனால் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கழியோரத்தில் எல்லா வீடுகளும் முன்கூட்டியே காலியாகியிருந்தன. எங்கள் ஊரில் இப்படி நடந்ததே கிடையாது.

விடை அந்த வாரக் கடைசியில் வந்தது. தாலுகா பேரிடர்ப் பிரிவில் வேலை பார்க்கும் பர்சானா என்ற பெண், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கன்றுப் பண்ணைக்குள் வந்தாள். செந்தாமரை மகளோடு தன் வீட்டைச் சுத்தம் பண்ணப் போயிருந்தாள். நல்லவேளை.

"வெயில் காலத்துல வீட்டுப் பாதுகாப்புக் கணக்கெடுப்புக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கா அக்கா? பெட்டியெல்லாம் பார்த்துட்டு கடைசியா ஒரு கேள்வி கேட்டோம்."

"யார் சொன்னா வீட்டை விட்டுக் கெளம்புவீங்கன்னு கேட்டீங்க. சாமியே வந்து சொன்னாலும் இவர் கெளம்ப மாட்டார்னு சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. "சைரன் ஊதுனா யாரும் கேக்கறதில்ல. அதிகாரி வந்து கெஞ்சுனாலும் கேக்கறதில்ல. சொந்தக்காரங்க சொன்னா கேக்குறாங்க. அதனால ஒவ்வொரு வீட்டுலயும் யார் பேரைச் சொன்னாங்களோ, அவங்க குரல்ல எங்க மெஷின் பேசிச்சு. உறவுக்குரல்னு திட்டத்துக்குப் பேரு. குரலைப் பழைய போன் பேச்சுலேர்ந்து எடுத்துக்கும். யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லும், மடக்கிக் கேட்டாலும் சமாளிக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க தங்கச்சி உங்க பேரைச் சொன்னாங்கண்ணே."

இவர் ஒரு கன்றைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். அது முதலில் இருந்த இடத்திலேயே நன்றாகத்தான் இருந்தது.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதும்மா" என்றேன் நான்.

"அதை அவங்க சொல்லவே இல்லையே. அண்ணன் சொன்னா கெளம்புவேன்னு பட்டுன்னு சொன்னாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில் கோபமும் வந்தது. "அது சரி. என் புருஷன் குரலை ஒரு வார்த்தை கேக்காம எப்படி எடுப்பீங்க? கட்டிக்கிட்டு வந்த எனக்கே அது சரியாக் கெடைக்கறதில்ல!"

"கேட்டிருக்கணும்க்கா. கேட்டுட்டுத்தான் செய்யணும்னு இருந்தோம், புயல் முந்திக்கிச்சு. இப்ப எல்லாருக்கும் உண்மையைச் சொல்லணும்னு மேலேர்ந்து உத்தரவு போட்டுருக்காங்க. குரலை வச்சுக்கலாமா அழிக்கணுமான்னு அண்ணன்தான் முடிவு பண்ணணும். தங்கச்சிகிட்டயும் நான் சொல்லியாகணும்." அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கன்றுகளுக்கு நடுவே இருந்த கல்லில் உட்கார்ந்தாள். "சிங்காரவேலு ஐயா வீட்டுலேர்ந்துதான் வர்றேன். யாரு சொன்னா கெளம்புவீங்கன்னு கேட்டதுக்கு, என் பொண்டாட்டி சொன்னாத்தான்னு சொல்லியிருக்காரு. அவங்க தவறிட்டாங்கன்னு கணக்கெடுத்த பையன் கவனிக்கல. மெஷின் அவங்க குரல்லயே பேசிருச்சு. மனுஷன் சட்டைகூட மாத்தாம முகாமுக்கு ஓடியிருக்காரு. அங்க வாசல்ல உக்காந்துக்கிட்டு, பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டு வச்சிருந்தாராம். யாரையும் உக்கார விடல. உயிரைக் காப்பாத்துனோம்தான். ஆனா அவர் மூஞ்சியை என்னால பார்க்க முடியலக்கா."

"தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார் இவர்.

சொல்கிறேன் என்றவர் சொன்னாரா? அன்று சாயங்காலம் கெளுத்தி மீன் வாங்கி வந்தார். மறுநாள் யாழினிக்குக் குடை வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் பக்கத்து ஊர் வரை போய் நல்ல மாதுளையாகப் பார்த்து வாங்கி வந்தார். தங்கச்சி எதிரே போய் நிற்பார், தொண்டையைச் செருமுவார், திரும்பி வந்துவிடுவார்.

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அண்ணன் கூப்பிட்டான் என்ற ஒரே வார்த்தையை நம்பி வந்தவள் அவள். அது பொய் என்று தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த இடிந்த சுவருக்கே திரும்பிப் போய்விடுவாள். ஏழு வருஷம் எழுபது வருஷமாகிவிடும். அடுத்த புயலுக்கு யார் சொன்னாலும் கிளம்பவும் மாட்டாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று நான்தான் ஒரு நாள் காலையில் அவரை அடுப்படிக்குள் தள்ளிவிட்டேன்.

செந்தாமரை மீன் அலசிக்கொண்டிருந்தாள். இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தாமரை. அன்னைக்கு உனக்குப் போன் பண்ணுனது நான் இல்ல. கவர்மென்ட்டு மெஷின்."

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தக் குரல், 'நல்லா இருக்கியா தாமரை, பாப்பா சாப்பிட்டுச்சா'ன்னு ஆரம்பிச்சுது. நீ என்னைக்குண்ணே என்னைய நல்லா இருக்கியான்னு கேட்டே? அப்புறம் எல்லாத்தையும் பொறுமையாச் சொல்லிச்சு. எந்த வழியா வரணும், பெட்டியில என்ன எடுக்கணும்னு. கடைசியில 'வச்சிடட்டுமா'ன்னு வேற கேட்டுச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ பாதிப் பேச்சுலயே போனை வச்சுடுற ஆளு. நம்ம அண்ணன் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வந்தே?"

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "முகாமுக்குப் போறதுக்குத்தான் கெளம்புனேன். உன் வீடு வழியில. நீ கூப்பிட்டேன்னு சொல்லிப் பார்ப்போம்னு நெனைச்சேன். இல்லையேன்னு சொல்லியிருந்தா அப்படியே நடந்து போயிருப்பேன். நீ ஆமான்னுட்டே."

இவர் வெளியே போய்விட்டார். கிணற்றடியில் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழுதேன், மீன் வாசனைக்கு நடுவே நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பர்சானா அடுத்த தடவை வந்தபோது இவர் ஒரே மூச்சில் சொன்னார். "என் குரலை அழிச்சுடுங்க. இனிமே நானே கூப்பிட்டுக்கறேன்."

"அண்ணே, கடல்ல இன்னொரு காத்தழுத்தத் தாழ்வு உருவாகுது. மெஷின் மறக்காது, நேரத்துக்குக் கூப்பிடும். நீங்க மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்."

நான் பக்கத்திலிருந்து சிரித்துவிட்டேன். இவர் மறக்காமல் செய்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். செந்தாமரையோ, "எனக்கும் வேற குரல் வேணாம்மா. அண்ணன் சொன்னா போதும்" என்றுவிட்டாள். பர்சானா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன், இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

ஊருக்குள் விஷயம் பரவியதும் ஒரு கூத்து நடந்தது, கொஞ்சம் வேதனையான கூத்து. யாரும் யாருடைய போனையும் நம்பவில்லை. எதிர்வீட்டு மருமகளுக்கு மன்னார்குடியிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டால், "நம்ம வீட்டு மாட்டுக்கு எந்தக் கொம்பு ஒடைஞ்சிருக்கு, சொல்லு" என்று கேட்ட பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். துபாயிலிருந்து கூப்பிட்ட மகனை, நீ மெஷின்தானே என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார் ஒருவர். அந்தப் பிள்ளை அங்கே காய்ச்சலில் கிடந்து கூப்பிட்டிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் குரலை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். சிங்காரவேலு மட்டும் சொல்லவில்லை. "அது இருந்துட்டுப் போகட்டும் தாயி. அடுத்த புயல் எப்ப வரும்?" என்று கேட்டாராம்.

செந்தாமரை வீட்டுப் பின்சுவரை எழுப்பிக் கொடுத்தோம். அவளும் மகளும் கழியோரத்துக்குத் திரும்பிப் போனார்கள். மார்கழி பிறந்த கையோடு அடுத்த புயல் கிளம்பியது.

அன்று பார்த்து இவர் கன்று இறக்கப் போயிருந்தார். புயலில் விழுந்த தோப்புகளுக்கெல்லாம் கன்று வேண்டுமே, பேட்டரி ஸ்கூட்டரில் தள்ளுவண்டியைப் பூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார். போனை அடுப்படி மேடையில் மறந்துவிட்டுப் போயிருந்தார். மறக்க மாட்டேன் என்றவர்தான்! மணி ஆக ஆக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செந்தாமரை வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் என்று கணிப்பு வந்துவிட்டது. நானே கூப்பிட்டேன்.

"அண்ணன் கூப்பிடட்டும் அண்ணி" என்றாள்.

"ஏன்டி, பொட்டைப் புள்ளைய வச்சுக்கிட்டு இது என்ன வீம்பு? அவர் போனை மறந்துட்டுப் போயிட்டார்டி."

"பாப்பாவ வச்சுக்கிட்டு நான் வெளையாட மாட்டேன் அண்ணி. முகாம் பஸ் தெருமுனைக்கு வர்ற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள கூப்பிடலேன்னா பஸ்ல ஏறிடுவேன்." குரல் கம்மிப்போனது. "ஆனா அதுக்கப்புறம் உங்க வாசலுக்கு வர மாட்டேன். காது குத்துக்கும் வரல, இதுக்கும் வரலேன்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

நான் அவளைத் திட்டினேன். இவரையும் திட்டினேன், கடலையும் திட்டினேன். பிறகு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். மெஷினாக இருந்தால் காலையிலேயே கூப்பிட்டு, பாப்பா சாப்பிட்டுச்சா என்றும் விசாரித்திருக்கும்.

மத்தியானம் சாய்ந்த பிறகு வண்டி வந்தது. வாசலில் நின்றபடியே போனை அவர் கையில் திணித்தேன். "கூப்பிடுங்க. பஸ் வர்ற நேரம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எண்ணைத் தட்டினார். எடுத்துவிட்டாள், அவள் குரல் எனக்கே கேட்டது.

"தாமரை, நான்தான். கெளம்பு, மதகு வழியா வராத, நம்ம வீட்டுக்கு—"

அவ்வளவுதான். போன் டவர் விழுந்ததோ மின்சாரம் போனதோ, போன் செத்துவிட்டது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டே, "தாமரை, தாமரை" என்றார். பிறகு போனைத் தரையில் போட்டுவிட்டு, தள்ளுவண்டியைக் கழற்றிவிட்டு, வண்டியைத் திருப்பினார். மேல்துண்டைக்கூட எடுக்கவில்லை.

அவர் போன பிறகு காற்று இன்னும் ஏறியது. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன். அவள் அந்த அரைகுறைப் பேச்சைக் கேட்டாளா? கேட்டிருந்தாலும் நம்பினாளா? மாட்டுக் கொம்பைக் கேட்டு அம்மாவைச் சோதிக்கிற ஊராகிவிட்டதே எங்கள் ஊர். பஸ் போய்விட்டிருந்தால், இவர் அங்கே போய் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

மழைக்குள் வண்டியின் விளக்கு தெரிந்தது. செந்தாமரை பின்னால் மஞ்சள் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"பாதி வழி நடந்து வந்துட்டா" என்றார் இவர் மூச்சு வாங்க. "பஸ் எதுக்க வந்து நின்னு கூப்பிட்டும் ஏறலையாம்."

"எப்படிடி நம்புனே?" என்று கேட்டேன் நான். "பேச்சே முடியலையே."

"முழுசாப் பேசியிருந்தாத்தான் சந்தேகப்பட்டிருப்பேன் அண்ணி" என்றாள் செந்தாமரை, முந்தானையைப் பிழிந்தபடி. "நல்லா இருக்கியான்னு கேக்கல, சாப்பிட்டியான்னு கேக்கல, பாதியில வச்சுட்டான். அண்ணன்தான்னு கெளம்பிட்டேன்."

"நான் எங்க வச்சேன்? டவர் போயிருச்சு" என்றார் இவர்.

"சும்மா இருங்க" என்றேன் நான்.

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஏன் என்று அப்புறம்தான் பார்த்தேன். முன்னால், அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே, அவர் மடியில் யாழினி உட்கார்ந்திருந்தாள். வீடு வந்தும் அவள் இறங்கவில்லை. இறங்கு பாப்பா என்று அவரும் சொல்லவில்லை.